எஸ்.பி.எம். மட்டும்

பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் அச்சு மெஷினிலிருந்து மருந்துப் புட்டி மூடிகள் சூடு ஆறாமல் தட்டில் வந்து கொட்டிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பிசிறைக் கத்தியால் சீவி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். கரும்புள்ளி இருந்தால் சிவப்புக் கூடை, இல்லாவிட்டால் நீலக் கூடை. லோஷினி மூன்று மாதமாக இந்த வேலைதான் செய்கிறாள். பக்கத்து முக்காலியில் அவள் அம்மா தனலெட்சுமி, பத்தொன்பது வருஷமாக.

"கட்டவிரல மடக்கிப் புடி. எத்தன வாட்டி சொல்றது, நரம்பு இழுத்துக்கும்லா" என்றாள் அம்மா, மகள் பக்கம் திரும்பாமலே.

லோஷினிக்குக் காதில் விழவில்லை. பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் பசியாறக்கூட இல்லை.

ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். வாங்கிய அன்று உலு திராமில் தாங்கள் குடியிருக்கும் தாமானில் அம்மா பிரியாணி போட்டு அண்டை அயலுக்கெல்லாம் கொடுத்தாள். அதோடு சரி. பதினோரு மாதம் வேலை தேடித் தலைகீழாக நின்று பார்த்தாயிற்று. பாதிக் கம்பெனிகள் மாண்டரின் சீனம் பேச வருமா என்று கேட்டன. மீதிப் பாதி அனுபவம் கேட்டன. அந்த அனுபவத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. போகட்டும், ஓப்பரேட்டர் வேலையாவது பார்ப்போம் என்று பக்கத்துக் கம்பெனிக்குப் போனால், டிகிரி என்று பார்த்ததும் விண்ணப்பப் பாரத்தைத் திருப்பி நீட்டிவிட்டார்கள். ரெண்டே மாதத்தில் வேறு வேலை தேடி ஓடிவிடுவாளாம்.

அப்புறம் அம்மாதான் வழி சொன்னாள். "எங்க கம்பெனிக்கு எஸ்.பி.எம். மட்டும் எழுது. பொய் ஒண்ணும் இல்லயே. நீ எஸ்.பி.எம். பாஸானவதான? மத்தத அவங்க கேட்டா சொல்லிக்கலாம்."

பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம்.மோடு லோஷினி பாரத்தை நிறுத்திக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. அறிமுகப்படுத்துபவர் என்ற கட்டத்தில் அம்மா தானே கையெழுத்துப் போட்டாள்.

போன மாதம் வருகை அட்டை குத்தும் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தரப் பிரிவுக்கு அதிகாரி வேண்டும், வேதியியல் பட்டம் வேண்டும், கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கே முதலிடம். லோஷினி மூன்று தடவை படித்தாள். அன்றே விண்ணப்பம் போட்டாள்.

நேர்முகத்தில் தரப் பிரிவு மேனேஜர், நரைத்த கிராப்புத் தலைச் சீனப் பெண்மணி, கரும்புள்ளி ஏன் வருகிறது என்று கேட்டார். பிளாஸ்டிக் சூட்டில் அதிக நேரம் தங்கிக் கருகுவதுதான் என்றாள் லோஷினி. எந்த மெஷினில் எந்த நேரத்தில் புள்ளி கூடுகிறது என்று மூன்று மாதமாகக் குறித்துவைத்த நோட்டையும் எடுத்து வைத்தாள். மேனேஜர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு எழுந்து கைகொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லோஷினி தானாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது ஆபீஸில் நிர்வாகப் பிரிவு சுகுமாறன் அவளுடைய பழைய, புதிய விண்ணப்பப் பாரங்கள் இரண்டையும் அருகருகே வைத்து, அடையாள அட்டை எண்ணை வட்டமிட்டிருந்தார்.

"ரெண்டும் உன் ஐசி நம்பர்தானம்மா?"

"ஆமா சார்."

"ஒண்ணுல எஸ்.பி.எம்., ஒண்ணுல டிகிரி. கீழ என்னா போட்டிருக்குன்னு பாத்தியா? படிப்ப மறைச்சா வேலை நீக்கம்."

"டிகிரின்னு எழுதியிருந்தா ஓப்பரேட்டருக்கு எடுத்திருப்பீங்களா சார்?"

சுகுமாறன் பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டினார். "எடுத்திருக்க மாட்டோம்" என்றார். "மேனேஜர் உன்னத்தான் வேணும்னாங்க. நானும் பேசிப் பாத்தேன்மா. மறைச்சு வந்தவங்கள தரப் பிரிவுல வைக்க முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க. ஓப்பரேட்டராவும் முடியாதாம். இன்னிக்கே அட்டைய ஒப்படைச்சிரு." பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அம்மாவக் கூப்ட்டிருக்கேன்" என்றார்.

"அம்மா எதுக்கு சார்?"

"அறிமுகப்படுத்தினது அவங்கதான. எச்சரிக்கைக் கடிதம் இருக்கு. கையெழுத்துப் போட்டா அவங்க வேலை தப்பிக்கும்."

கதவு திறந்தது. தனலெட்சுமி கையுறையையும் தலை வலையையும் கழற்றி, முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். மகளுக்கு ஆபீஸ் வேலை ஆகிவிட்டது என்று வரிசையில் இருந்தவர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள், வாயெல்லாம் சிரிப்பு. லோஷினிக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அம்மா முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"நான்தான் சார் எழுதச் சொன்னேன்" என்றாள் தனலெட்சுமி. "அதுக்கு ஒண்ணுந் தெரியாது. என்னைய அனுப்பிருங்க, அத வச்சுக்குங்க."

"அப்படியெல்லாம் மாத்திக்க முடியாதும்மா."

"பத்தொம்பது வருசம் சார். ஒரு நாள் லேட்டா வந்ததில்ல."

"தெரியும்மா. அதனாலதான் உங்களுக்குக் கடிதத்தோட விட்டிருக்காங்க."

கடிதம் தனலெட்சுமிக்குத் தெரியாத ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது கம்பெனி விதி, அதைப் பதிவும் செய்ய வேண்டும். சுகுமாறன் கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார். கடிதத்தைத் தான் படிக்காமல் லோஷினி பக்கம் தள்ளினார்.

அவள் படித்தாள். இந்தத் தொழிலாளி தன் மகளோடு சேர்ந்து திட்டமிட்டு நிர்வாகத்தை ஏமாற்றினார் என்று முதல் வரி. இன்னொரு தவறு நடந்தால் எந்தச் சலுகையும் இல்லாமல் நீக்கப்படுவார், இத்தனை ஆண்டுச் சேவை கணக்கில் வராது என்று கடைசி வரி. தொடக்கத்தில் மெல்லிய குரலில்தான் படித்தாள். பாதிக்கு மேல், கல்லூரியில் எல்லார் முன்னாலும் நின்று ஆய்வு வாசித்த பழக்கத்தில், குரல் தானாக நிமிர்ந்து தெளிந்தது. தனலெட்சுமி கையை மடியில் கோத்துக்கொண்டு மகளின் வாயையே பார்த்திருந்தாள்.

படித்து முடிந்தது.

"தமிழ்ல சொல்லட்டாம்மா?" என்றாள் லோஷினி.

"வேணாம், அதான் சொல்லிட்டியே."

தனலெட்சுமி சுகுமாறன் பக்கம் திரும்பினாள். "எங்கயும் தடுக்காம என்னமா படிக்கிது, பாத்தீங்களா சார்?" என்றாள்.

அவர் கைப்பேசியை எடுத்துப் பதிவை நிறுத்தினார். தனலெட்சுமி பேனாவை வாங்கி, மகள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.