உப்பு வைத்த இலை

"ஏட்டி, ஒங்க கோயில்ல சாமி பெருசா, ராசா பெருசா?" என்று சைதூன் பீவி ஒருநாள் கேட்டாள். வேதக்கோயிலை ஒட்டிய தெருவில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சக்கரவர்த்திக்காகச் செய்யும் ஜெபம் அவளுக்கு வாசலில் இருந்தாலே கேட்கும். "சாமி பேரச் சொல்லும்போது இருமுதீக, கொட்டாவி விடுதீக. ராசா பேரு வந்தா மட்டும் ஒரு சத்தத்தையும் காணோமே" என்று சிரித்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் அண்ணன் பாக்கியநாதன் அந்த ஜெபத்துக்கு முழங்கால் போடமாட்டான். எல்லோரும் மண்டியிட்டிருக்கும்போது அவன் மட்டும் நிற்பான். அவன் வேதாரண்யத்துக்குப் போய் உப்பு அள்ளி ஜெயிலுக்குப் போனதும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என்னை நிறுத்தினார்கள். அம்மாவை நிறுத்தவில்லை. மிஷன் விடுதியில் அம்மாவைப் போல் சமைக்க ஆள் கிடையாது. நாங்கள் குடியிருந்த வீடும் மிஷனுடையதுதான்.

அவன் விடுதலையாகி வந்த வருஷம், ஆனிச் சாரலில் கோயில் அசனம் வந்தது. அசனம் என்றால் ஊருக்கே சோறு. எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்பதில்லை. பந்தியில் உட்கார்ந்துவிட்டவனை யாரும் எழுப்பக் கூடாது என்பது எங்கள் சபையின் வழக்கம். அண்ணன் கதர்ச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் உப்புச் சட்டியோடு ஒவ்வோர் இலையாக வைத்துக்கொண்டு போனேன். அவன் இலையிலும் வைத்தேன். "கூடக் கொஞ்சம் வையிட்டி. ருசி கண்டவன்லா" என்று கண்ணைச் சிமிட்டினான்.

விருந்தாளியாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் வல்லிநாயகம் நாற்காலியில் சாய்ந்தபடி எங்கள் குருவானவர் ஞானசிகாமணியிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். "என்ன பாதிரியாரே, ராசாவுக்கு ஜெபமும் பண்ணுதீக, ராசத் துரோகிக்குப் பந்தியும் போடுதீக. எதைன்னு நான் மேல எழுதட்டும்?"

குருவானவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு மாறாமலே அடுப்படிக்கு வந்தார். அம்மா சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"சுகிர்தம், ஒம் மவன் எலையில சோறு வைக்காத."

"அவன் எம் புள்ள, ஐயா."

"அதனாலதான் ஒங்கிட்டச் சொல்லுதேன். எந்திரின்னு நான் சொல்ல முடியாது. வேற ஆளு தாண்டிப் போனா சண்ட வரும். பெத்தவளே தாண்டிப் போனா, சபை கண்டிக்குதுன்னு எல்லாருக்கும் வெளங்கும்." அவர் குரல் பிரசங்கத்தில் இருப்பதைவிட மென்மையாக இருந்தது. "சர்க்கார் குடுக்க கிராண்டுப் பணத்த நிப்பாட்டிட்டா விடுதிப் பிள்ளைக எங்க போவும்? இந்தா நிக்காளே ஒம் மவ, இவ எங்க படுப்பா?"

அவர் போனபின் அம்மா என் காதில் சொன்னாள். "வீட்டுல ஒரு சட்டி எடுத்து வச்சிருக்கேன். அங்கன வந்து திம்பான்."

அம்மா குனிந்து குனிந்து சோறு வைத்துக்கொண்டு போனாள். அண்ணன் இரண்டு கையாலும் இலையைச் சோற்றுக்கு வாகாகப் பிடித்துக் கொடுத்தான். அம்மா அடுத்த இலைக்குப் போனாள்.

பக்கத்து இலையில் இருந்த கடைக்கார வேல்சாமி சத்தமாகக் கேட்டார். "ஏ சுகிர்தம், மவன் எலைய விட்டுட்டியே, கண்ணு தெரியலயா?"

"தெரியுது, அண்ணாச்சி."

"அதான் உப்பு இருக்கே, நக்கிக்கிடச் சொல்லு" என்றார் சப் இன்ஸ்பெக்டர். விடுதிப் பிள்ளைகள் சிலர் சிரித்துவிட்டார்கள்.

பரிமாறி முடிந்ததும் குருவானவர் ஜெபித்தார். சோற்றுக்காக, மழைக்காக, பிறகு சக்கரவர்த்திக்காக. சாரல் காற்று பந்தலுக்குள் வந்தது. மற்ற இலைகள் சோற்றின் கனத்தில் கிடந்தன. அண்ணனின் இலை மட்டும் படபடத்தது. அவன் அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்திருந்தான். அம்மா கண்ணை இறுக்க மூடியிருந்தாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். அம்மாவும் சொன்னாள். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

எல்லோரும் சோற்றில் கை வைத்தபோது அண்ணன் இலையை மடித்தான். வயிறு நிறையச் சாப்பிட்டவன் மடிப்பதுபோல், தன் பக்கமாக, உப்பு சிந்தாமல் மடித்தான். எழுந்தான். என்னைத் தாண்டித்தான் போனான். நான் இன்னும் உப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாம்பார் வரட்டும்" என்று யாரோ கூப்பிட்டார்கள். அம்மா அசையவில்லை. தெருவில் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் சந்து வந்தது. அவன் திரும்பவில்லை. மடித்த இலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செங்கோட்டை ரோட்டில், சாரலுக்குள் போய்க்கொண்டிருந்தான்.