தொட்டி நிறைய பால்

பால் சொசைட்டியில் அன்று காலை ஈகூட பயந்து பயந்துதான் பறந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கிருந்த குளிர்பதனத் தொட்டியை இனாமாகக் கொடுத்த அதே நாட்டுக்காரர்கள். கொடுத்த கையோடு அவர்கள் நாட்டுப் பால்பவுடரும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது, கொள்ளை மலிவாக. டீக்கடை, ஓட்டல் எல்லாம் பவுடருக்குத் தாவின. பால் விலை படுத்தது. பாதிப் பேர் மாட்டை விற்றுவிட்டார்கள். தொட்டியில் முழங்கால் அளவுக்குக்கூட பால் சேருவதில்லை.

"காலியா கிடந்தா தொட்டிய கழட்டிட்டு போயிடுவாங்கப்பா. அப்புறம் எனக்கு ஏது வேலை?" என்றான் முந்தின ராத்திரி சொசைட்டி செக்ரட்டரி, தன் அப்பாவிடம். அங்கே பால் ஊற்றும் கிழவர் அவர். அதே பவுடரை மூட்டை மூட்டையாகக் கரைத்து, விடிவதற்குள் தொட்டியை ரொப்பிவிட்டான். வெற்றுச் சாக்குகளை அவன் பின்கட்டில் ஒளித்ததைக் கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த வெள்ளைக்காரம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கூட வந்த இலாகா அதிகாரி அவள் பேச்சைத் தமிழில் சொன்னார்.

"பவுடரால உங்க பால் படுத்துப்போச்சுன்னு புகாராம். அத பாக்கத்தான் வந்தாங்க. இங்க தளும்புதே! புகார் பொய்னு எழுதிடுவாங்க. நம்ம சர்க்காரும் பவுடருக்கு இருக்கிற இறக்குமதி வரிய எடுத்துடும்."

மகன் முகத்தில் ஈயாடவில்லை.

"வாயத் தொறடா," என்றார் கிழவர்.

"சும்மா இருங்கப்பா. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள."

"எனக்கு ரெண்டு மாடு."

கிழவர் விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார். தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்திருந்த வெற்றுச் சாக்குகளைத் தரதரவென்று இழுத்துவந்தார்.

"பெரியவரே, இதெல்லாம் எதுக்கு?" அதிகாரி குறுக்கே வந்தார்.

"நீ அவங்ககிட்ட சொல்லாட்டி போ. சாக்குல அவங்க எழுத்துதான் இருக்கு. படிக்கத் தெரியாதது எனக்குத்தான்."

அவள் குனிந்து படித்தாள். தொட்டியைப் பார்த்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"யாருன்னு கேக்கறாங்க," என்றார் அதிகாரி.

கிழவர் மகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"நான்தான்," என்றான் மகன். "நெஜமா எவ்வளவு பால் வருதுன்னு நாளைக்கு காலையில வந்து பாக்கச் சொல்லுங்க."

அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் சரி என்று தலையசைத்தாள்.

மகன் போய் தொட்டியின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டான். வெள்ளைத் தண்ணீர் சாக்கடையில் கொட்டியது.

"வேலை போச்சுன்னா உங்க மாட்டுல ஒண்ணு எனக்கு," என்றான், நிமிராமலே.

"கறக்கத் தெரியுமாடா உனக்கு?" என்றார் கிழவர்.