தாளம்: கொம்பியூட்டர்

குகதாசன் அண்ணையின் இசைக்குழுவில் ட்ரம் அடித்த வீரையாவுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. கடிதம் வந்த கிழமையே ஆள் பறந்துவிட்டார். நெளுக்குளம் அம்மன் கோயில் திருவிழா கிட்டத்தில் வந்து நின்றது. அண்ணை வவுனியா முழுக்கச் சைக்கிளில் அலைந்தார். ட்ரம் அடிக்கத் தெரிந்தவர்கள் ஒன்றில் வேறு குழுவில் இருந்தார்கள், அல்லது வெளிநாட்டில் இருந்தார்கள்.

நான் உள்ளூரிலேயே இருந்தேன். என் பெயர் தயாளினி. குசினிச் சட்டி, பள்ளிக்கூட மேசை, சைக்கிள் கரியர் என்று எதையும் விட்டுவைக்காமல் தட்டி வளர்ந்தவள். வீரையா தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரம் பார்த்து அவருடைய ட்ரம்மிலும் கைவைத்திருக்கிறேன். அதை அண்ணையிடம் சொன்னேன்.

"ட்ரம்முக்குப் பின்னால ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்து அடிச்சா சனம் என்ன சொல்லும்?" என்றார் அவர்.

சனத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற மனிசன், பாட்டின் நடுவே மைக்கில் இருமுவதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு வீட்டில் சட்டிகள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன.

நான் டவுனில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே கொழும்பிலிருந்து வந்த ஒரு சிடியில் ட்ரம் அடிக்கிற மென்பொருள் கிடந்தது. திறந்தால் திரை முழுக்கக் கட்டங்கள். மேல் வரிசை பெரிய ட்ரம், அடுத்தது சின்ன ட்ரம், அதற்குக் கீழே பித்தளைத் தட்டு. வேண்டிய கட்டத்தில் மவுஸால் ஒரு குத்து. அந்த இடத்தில் அடி விழும். அடியைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரு கட்டம் தள்ளலாம். ஒரு துண்டைச் செய்து, அதையே பிரதிபண்ணி, கடைசியில் கொஞ்சம் மாற்றி அடுத்ததோடு ஒட்டலாம்.

முதல் நாள் எல்லா அடியையும் ஒரே சத்தத்தில் வைத்தேன். அரிசி மில் ஓடுகிற மாதிரி இருந்தது. பிறகு வீரையாவை நினைத்துப் பார்த்தேன். அவர் எந்த அடியை அமத்தி அடிப்பார், எதைச் சும்மா தொட்டுவிட்டுப் போவார் என்பதெல்லாம் என் காதில் இருந்தது. ஒவ்வொரு கட்டமாகக் குறைத்தும் கூட்டியும் பார்க்க, பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஆள் அடிப்பது போலக் கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

குகதாசன் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"கொம்பியூட்டர் கொம்பியூட்டர்தான். பிழை விடவே விடாது!"

"நான் செய்தது அண்ணை."

"ஓமோம், நீதான் சுவிச்சைப் போட்டனீ."

பல்லைக் கடித்துக்கொண்டேன். இருந்தாலும் மேடையில் கலைஞர்களின் பெயர் சொல்லும்போது என் பெயரையும் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். 'தாளம், தயாளினி.' இரண்டே சொல். அம்மா பத்மாசனி அயலட்டை முழுவதையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த இரண்டு சொல்லையும் அவர் கேட்டாக வேண்டும். மகள் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து காலத்தை வீணாக்குகிறாள் என்று மாமிமார் அவருடைய காதை அரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பம்," என்றார் அண்ணை. அவருடைய 'பாப்பம்' எனக்குத் தெரியும். கிணற்றில் போட்ட கல்தான்.

ஒத்திகை கொம்பியூட்டர் வகுப்பிலேயே நடந்தது. எங்கள் பாடகர் அப்புத்துரை அண்ணை செட்டிகுளத்தில் வயல் செய்கிறவர். நல்ல குரல். அம்மனுக்கென்று அவரே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. அதில் 'தாயே' என்று வருகிற இடத்தில் சனம் கைதட்டும்வரை இழுப்பார். வீரையா தட்டை மெல்லத் தடவிக்கொண்டு காத்திருப்பார். கொம்பியூட்டர் காத்திருக்கவில்லை. அவர் 'தாயே'யில் நிற்க, தாளம் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"அண்ணை, அது உங்களுக்காண்டி நிக்காது. நீங்கள்தான் அதோட போகோணும்," என்று குகதாசன் அண்ணை எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

அப்புத்துரை அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ச் சைக்கிளை எடுத்தார். ஐம்பது வயது மனிசன், வகுப்பில் அடி வாங்கிய பிள்ளையைப் போலப் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று பின்னேரமே அந்தப் பாட்டைத் திறந்தேன். போன வருசத் திருவிழாவில் பதிந்த கசெற்றைப் போட்டு, அவர் எவ்வளவு இழுக்கிறார் என்று கேட்டேன். 'தாயே' வருகிற ஒவ்வொரு இடத்திலும் ட்ரம் இரண்டையும் எடுத்தேன். தட்டை மட்டும் மெல்லிசாக விட்டு, அந்தத் துண்டை நீட்டினேன். இழுக்கட்டும், ஆசை தீர இழுக்கட்டும். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் குகதாசன் அண்ணை அழிக்கச் சொல்வார். தவிர, மேடையில் தாளம் தனக்காக நிற்பதைக் கண்டு அப்புத்துரை அண்ணையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்றும் எனக்கு ஆசை.

அது இரண்டாயிரமாம் ஆண்டு, சண்டைக் காலம். இருட்ட முன்னர் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் நிகழ்ச்சியைப் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தார்கள். கொம்பியூட்டரை மெத்தையில் கிடத்தி லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றினோம். வழியிலிருந்த சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரர் மொனிற்றரைத் தட்டிப் பார்த்து, ரிவிப் பெட்டியா என்று கேட்டார். ட்ரம் என்றேன். அவர் என்னை ஒருமுறையும் மொனிற்றரை ஒருமுறையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

முதல் பாட்டுகள் பிய்த்து உதறின. சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடினார்கள். அண்ணை மைக்கைப் பிடித்துக் கலைஞர்களை அறிமுகம் செய்தார். ஓகன் வாசிப்பவருக்கு ஒரு பெயர், கிற்றார் வாசிப்பவருக்கு ஒரு பெயர். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"தாளம்... கொம்பியூட்டர்!"

சனம் கைதட்டியது. அம்மா முன்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு, இன்னும் ஏதாவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மவுஸை எடுத்துக் குகதாசன் அண்ணையின் மண்டையில் எறியலாமோ என்று யோசித்தேன். வயர் எட்டாது.

அடுத்தது அம்மன் பாட்டு. அப்புத்துரை அண்ணை அருமையாகப் பாடி வந்தார். 'தாயே' வந்தது. ட்ரம் இரண்டும் அடங்கித் தட்டு மட்டும் மெல்லக் கேட்டது. நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இழுக்கவில்லை. 'தாயே' என்று வெட்டி முடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் பாய்ந்துவிட்டார்.

அவர் பாதி வரி போன பிறகு ட்ரம் வந்தது. தான்தான் பிழைவிட்டேன் என்று நினைத்து அவர் நின்றார். ட்ரம் போனது. அவர் துரத்தினார். அந்த நேரம் பார்த்து நான் நீட்டி வைத்த அடுத்த 'தாயே' வந்துவிட்டது. ஒடுங்கிய பாதையில் எதிரெதிரே வந்த இரண்டு சைக்கிள்காரர் ஒருவருக்கொருவர் வழிவிடப்போய் முட்டிக்கொண்ட கதைதான். ஓகன் ஒரு பக்கம், கிற்றார் ஒரு பக்கம். பாட்டு நின்றே போனது.

குகதாசன் அண்ணை மைக்கைப் பறித்தார்.

"சபையோர் மன்னிக்கோணும்! தாளத்தில பிழை வந்திட்டுது. தாளம் போட்டது தயாளினி. தயாளினிதான் பிழை விட்டது!"

வேப்பமரத்தில் கட்டியிருந்த லவுட்ஸ்பீக்கர் என் பெயரை நெளுக்குளம் முழுக்க இரண்டு தரம் சொன்னது.

அப்புத்துரை அண்ணை என்னிடம் குனிந்தார். "ஏன் பிள்ளை தாளம் நிண்டது?"

"உங்களுக்காண்டித்தான் நிப்பாட்டி வைச்சனான். நீங்கள் ஏன் அண்ணை இழுக்கேல்லை?"

"ஐயோ, நான் வீட்டில மணிக்கூட்டுக்கு முன்னால நிண்டெல்லோ பாடிப் பழகினனான்! பெட்டியோட போகோணுமெண்டு."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

"நீங்கள் உங்கட மாதிரியே பாடுங்கோ," என்றேன். செய்து வைத்த தாளத்தை நிறுத்தினேன். அந்த மென்பொருளில் விசைப்பலகையின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ட்ரம் உண்டு. இடது கைக்குப் பெரிய ட்ரம், வலது கைக்குச் சின்ன ட்ரம், பெருவிரலுக்குத் தட்டு. அவர் தொடங்க, நான் அடித்தேன். 'தாயே' வந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். நான் பெருவிரலால் தட்டைத் தடவிக்கொண்டு காத்திருந்தேன். இழுத்தார், இழுத்தார், சனம் எழும்பி நின்று கைதட்டும்வரை இழுத்தார். அவருடைய தலை ஆடியதும் பத்து விரலாலும் போட்டு இறக்கினேன். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

பாட்டு முடிய, குகதாசன் அண்ணை வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"கொம்பியூட்டர் சரிவந்திட்டுது!"

அதற்கும் சனம் கைதட்டியது. இனி இந்த மனிசனோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

திரும்பி வரும்போது அம்மாவும் லான்ட்மாஸ்டரில் ஏறிக்கொண்டார். மொனிற்றர் என் மடியில். ஒழுங்கை முழுக்க, வழியில் கண்ட ஆட்களுக்கெல்லாம் அம்மா கையைக் காட்டிக் கத்திக்கொண்டு வந்தார்.

"கேட்டனீங்களே? மைக்கில என்ர மகளின்ர பேர் சொன்னவை!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அம்மா, பேசாமல் வாங்கோ. நான் பிழை விட்டனான் எண்டுதான் பேரைச் சொன்னவர்."

"ஓம், கேட்டனான். எனக்கென்ன காது செவிடோ?" என்றார் அம்மா. "கொம்பியூட்டர் பிழை விடாதெண்டு உந்தக் குகதாசன்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன். அப்ப பிழை விட்டது நீயெண்டா, அவ்வளவு நேரமும் அடிச்சதும் நீதானே."

நான் மொனிற்றரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுதேனோ சிரித்தேனோ தெரியாது. சென்றி வந்தது. அதே ஆமிக்காரர்தான் நின்றார். அம்மா அவரையும் விடவில்லை.