பத்திரிகைக் காட்சியில் சிரித்தவர்

பத்திரிகையாளர்களுக்கான காட்சியில் யாரும் சிரிக்கக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் வழக்கம் அதுதான். சிரித்துவிட்டால் எத்தனை நட்சத்திரம் போடப்போகிறோம் என்பது பக்கத்து இருக்கைக்குத் தெரிந்துவிடுமாம். பெரிய ராணுவ ரகசியம்.

எனக்கு அது தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

நாளிதழின் சினிமாப் பக்கத்தில் மூன்று மாதமாக நான் தற்காலிகம். என் பெயரோடு வரப்போகும் முதல் விமர்சனம் இது. இதைப் பார்த்துத்தான் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவாகும். அழைப்பில் இருவருக்கு அனுமதி. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் நான், ஏற்றிவிட்டவர் அப்பா. அவரைத்தான் கூட்டிப்போனேன்.

ஹாலிவுட்டின் ஜாலியான அடிதடிப் படம். கடத்தப்பட்ட மாமியாரை மீட்கக் கிளம்பும் உளவாளி. நடுவில் ஒரு கயிறு அறுந்து லிஃப்ட் நாற்பது மாடி விழுகிறது. உள்ளே அவன் நிதானமாக டை கட்டிக்கொண்டிருக்கிறான். அப்பா இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். சிரித்தார் பாருங்கள், முன்வரிசை மொத்தமும் திரும்பியது. முழங்கையைக் கிள்ளினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

வெளியே காபி மெஷினைச் சுற்றி விமர்சகர்கள் மாநாடு. அவரவர் சொந்தமாக எழுதுகிறார்கள் என்று நம்பினால் ஏமாளி நீங்கள்தான். "ரெண்டா, ரெண்டரையா?" என்று அங்கேயே பேசி முடிப்பார்கள். எல்லாப் படத்துக்கும் ரெண்டரையே போட்டு 'ரெண்டரை' என்று பட்டம் வாங்கிய மூத்த விமர்சகர் அப்பாவிடம் வந்தார்.

"நீங்க எந்தப் பத்திரிகை?"

"நான் லிஃப்ட்டு சார்."

அவருக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார்: "ஒரு கயிறா சார் இருக்கும்? அஞ்சாறு இருக்கும். எல்லாம் அறுந்தாலும் பக்கத்துத் தண்டவாளத்தை பிரேக் கவ்விக்கும். விழவே விழாது. அது விழுது, இவன் டை கட்டறான். வயிறு வலிச்சுப்போச்சு எனக்கு."

ரெண்டரை என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இவரு?"

"தெரிஞ்சவர்."

அப்பா காபியை ஊதிக் குடித்தார். பஸ்ஸில் ஏறியதும் கேட்டார். "தெரிஞ்சவங்களே, ஜன்னல் சீட்டு வேணுமா?"

"சும்மா சொன்னேன்பா."

"சும்மா சொல்றதுக்கு அப்பான்னே சொல்லிருக்கலாம்."

ஆபீஸில் வந்து உட்கார்ந்தேன். மற்றவர்களின் விமர்சனங்கள் அதற்குள் இணையத்தில் வந்துவிட்டன. எல்லாம் ரெண்டரை. 'அரங்கில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை' என்று எழுதியிருந்தார் அந்த ரெண்டரை மனிதர். பற்றிக்கொண்டு வந்தது. அப்பா ஒரு ஆள் இல்லையா? அவரை ஆள் கணக்கில் சேர்க்காமல் முதலில் விட்டவள் நான்தானே என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

'என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்தப் படத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்' என்று தொடங்கினேன். கடைசி அரைமணி இழுவை என்பதையும் எழுதினேன். அங்கே அப்பாவே குறட்டை விட்டார். மூன்றரை போட்டேன்.

பக்க ஆசிரியர் படித்தார். "ஊரே ரெண்டரை போடுது, நீ மூணரை. போகட்டும். அப்பா எதுக்கு இதுல? அந்த வரியை வெட்டிடறேன்."

"அப்ப என் பேரையும் சேத்து வெட்டிடுங்க சார்."

"வேலை வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும். ஆனா அவர் சிரிச்சது நடந்தது சார்."

முறைத்தார். வெட்டவில்லை. வேலையைப் பற்றி மட்டும், "இன்னும் மூணு மாசம் பாக்கலாம்" என்றார்.

விமர்சனம் வெளியான அன்று காலையிலேயே அப்பாவிடமிருந்து போன். "ஏன்டி, என்னைப் பத்தி எழுதறதுன்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"கோவமாப்பா?"

"ஜுரம்னு லீவு போட்டுட்டுதான் அன்னைக்கு உன்கூடப் படத்துக்கு வந்தேன். பேப்பரும் கையுமா சூப்பர்வைசர் நிக்கிறாரு."

"ஐயோ. என்ன சொன்னீங்க?"

"எம் பொண்ணு எழுதியிருக்கா, பொய்யா இருக்காதுன்னு சொல்லிட்டேன்."