நனையாத வடிகட்டி

காகிதப் பையைப் பிரித்து, அட்டைப் பெட்டியைக் கிழித்து, உள்ளேயிருந்த நீலக் குழாயை லோர்னா அவன் உள்ளங்கையில் வைத்தாள். வெர்ன் கண்ணைத் திறக்காமலே கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தான். ஒரு முனை, மறு முனை, நடுவில் வரிவரியாக இருந்த பிடி. பிறகு அதைப் போர்வைமேல் நழுவ விட்டான்.

“இது இல்ல.”

“எது இல்ல?”

“உறைஞ்சா போச்சு இது. திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வா.”

லோர்னாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்றோ நாளையோ என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவன் கால்விரல்கள் நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் அவன் கேட்டானே என்று பக்கத்தை விட்டு எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய், மலை ஓடையில் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற சாமான் ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள். நாளை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. ஊரில் பாதிப் பேர் ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு மலையேறியாகிவிட்டது. இந்த மனுஷனும் தான் போகப்போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நாக்குக்கடியில் விடுகிற மருந்து அப்படியெல்லாம் நினைக்க வைக்கும் என்று நர்ஸும் சொல்லியிருந்தாள்.

“இத்தனை வருஷமா நீ வச்சிருந்ததும் இதேதான? இதே நீலம், இதே குழாய். என்னைக் கட்டிப்பிடிச்சிட்டுத் தூங்கினதைவிட அதைக் கட்டிப்பிடிச்சிட்டுத் தூங்கினதுதான் அதிகம்.”

“அது நான்,” என்றான் வெர்ன்.

மேற்கொண்டு பேச அவனுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. “கடையில மார்லிஸைக் கேளு. அவளுக்குத் தெரியும். போ லோர்னா, கடையைச் சாத்திடுவாங்க.”

சமையலறையில் வெர்னின் தம்பி டுவைட் ஆறிப்போன காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வருஷம் தவறாமல் கெட்டில் ஓடைக்கு மேலே கூடாரம் போடுகிறவர்கள். இந்த வருஷம் டுவைட் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. லோர்னா குழாயை அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

“திருப்பிக் குடுக்கணுமாம். இதைக் கடைசிப் பேச்சா வச்சிட்டுப் போகப்போறான் பாரு. அவனோட பழசு எங்கயாவது கிடக்கும், தேடிக் குடு. கையில பிடிச்சிக்கிட்டாவது நிம்மதியா இருக்கட்டும்.”

“பழசு இல்ல. போன வருஷமே தூக்கிப் போட்டுட்டான்.”

“ஏன்?”

டுவைட் குழாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். “இதுக்குள்ள தலைமுடி மாதிரி சன்னமா குழல் குழலா இருக்கும். ஒரு தடவை நனைஞ்சிட்டா உள்ள இருக்கற ஈரம் போகாது. அந்த ஈரத்தோட உறைஞ்சா எல்லாம் விண்டு போயிடும். வெளியில பார்த்தா புதுசு மாதிரிதான் இருக்கும், ஒரு கீறல் தெரியாது. அதான் எல்லாரும் தூங்கற பைக்குள்ள வச்சிட்டுப் படுக்கறது. போன வருஷம் இவன் பூட்ஸைக்கூடக் கழட்டாமத் தூங்கிட்டான். காலையில பார்த்தா மூட்டையில கட்டியா உறைஞ்சு கிடக்கு. இவன் மறந்து நான் பார்த்ததே இல்ல, லோர்னா. அன்னிக்கே இவனுக்கு உடம்பு சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வீட்ல சொல்லாதேன்னான்.”

“நீயும் சொல்லல.”

“சொல்லல,” என்றான் டுவைட். காப்பியைக் குடிப்பதுபோல் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிக்காமல் கீழே வைத்தான். “நீ போயிட்டு வா. நான் பக்கத்துல இருக்கேன். அவன் கேட்டு நாம என்னத்தைச் செஞ்சிருக்கோம், இதையாவது செய்வோம்.”

வண்டி ஓட்டும்போது அவள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனாள். ஊருக்குப் பின்னால் மலையின் இடுப்புவரை பனி இறங்கியிருந்தது. அந்த மலைமேல் அவளுக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. கல்யாணமான புதிதில் வெர்ன் ஒரு தடவை கூப்பிட்டான். கரடி நடமாடுகிற இடத்தில் தரையில் போட்டு வைக்க நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா என்று அவள் சிரித்துவிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டால் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தாள். அவன் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொன்னவரை மறுபடி கேட்டு நச்சரிப்பது மரியாதையில்லை என்று நினைக்கிற ஊர் இது. கேட்காமல் நாமே வருகிறேன் என்று சொல்வதும் இங்கே வழக்கமில்லை. இப்படி இரண்டு பேரும் மரியாதையாக இருந்து இருந்தே வாழ்க்கை முழுவதும் போயிற்று. ஒவ்வொரு அக்டோபரிலும் அவள் ஜன்னலருகே நின்று கையசைத்து அனுப்பினாள். தனக்கு இடமில்லாத ஒரு வீடு அவனுக்கு மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

கடையில் கூட்டம் வடிந்திருந்தது. மார்லிஸ் காலி அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லோர்னாவைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எப்படி இருக்கான்?”

“இருக்கான். சாமானை மாத்திட்டு வரச் சொல்ற அளவுக்கு இருக்கான்.” லோர்னா பெட்டியை மேஜைமேல் வைத்தாள். “காலையில நீ இல்ல, நானா எடுத்துட்டுப் போனேன். இது இல்லையாம். வேட்டைக்குப் போறதா நினைச்சிட்டிருக்கான், பாவம்.”

மார்லிஸ் பெட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“தனக்குன்னா சொன்னான்?”

“பின்ன யாருக்கு?”

“போன வாரம் எனக்கு ஃபோன் பண்ணினானே. நீ குளிச்சிட்டிருக்கேன்னு சொல்லி, ரகசியமா. மூச்சு வாங்க வாங்க ரொம்ப நேரம் பேசினான். மலைக்கே போகாத ஒரு ஆளு முதல் தடவை போனா எது தோதுப்படும்னு கேட்டான். பம்ப்பு அடிக்கிறதுதான் கெட்டின்னேன். மணிக்கட்டு வலி இருக்கு, அடிக்க முடியாதுன்னான். மரத்துல தொங்கவிடற பை இருக்குன்னேன். அதுவும் உறையும், எங்கயாவது தொங்கவிட்டுட்டுத் தூங்கிடுவான்னான். வெளிச்சத்தால கிருமியைக் கொல்ற விளக்குக் குச்சி? குளிர்ல பேட்டரி செத்துடும். இந்த நீலக் குழாய்? அதை மட்டும் குடுத்துடாதே, ஈரத்தோட மூட்டையில போட்டு மறந்துடுவா, மறுநாள் அதுலயே குடிச்சு வயித்தைக் கெடுத்துக்குவான்னான்.”

“‘மறந்துடுவா’ன்னா சொன்னான்? ஒரு பொம்பளையையா?”

“நானும் அதையேதான் கேட்டேன். யாரப்பா அந்தப் பொம்பளைன்னேன். என் பெண்டாட்டின்னான்.”

லோர்னா வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

“அடுத்த அக்டோபர்ல டுவைட் அவன் சாம்பலைக் கெட்டில் ஓடைக்குக் கொண்டுபோவானாம். நீயும் வருவியாம். டுவைட் சும்மாவே ஓடைத்தண்ணியை அப்படியே குடிச்சிட்டு ஒரு வேட்டை முழுக்கப் புதருக்குப் பின்னாலயே உக்கார்ந்திருந்தவன், அவனை நம்பி உன்னை விட முடியாதாம். கடைசியில மாத்திரைன்னு முடிவு பண்ணினோம். தண்ணியில போட்டுட்டுக் காத்திருந்தாப் போதும், உறையறதுக்கு ஒண்ணுமில்ல. நீச்சல்குளத்துத் தண்ணி மாதிரி இருக்குன்னு திட்டுவா, திட்டட்டும்னு சொன்னான்.” மார்லிஸ் அலமாரிக்கடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தாள். “அப்பவே எடுத்து வச்சிட்டேன். உன்கிட்ட அவன் சொல்லலையா?”

“மார்லிஸ்கிட்டக் கேளுன்னான்,” என்றாள் லோர்னா.

சிரிப்புதான் முதலில் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு தொண்டைக்கு வருவதற்குள் அழுகையாகிவிட்டது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். செத்துக்கொண்டிருக்கிற மனுஷன் அவள் மணிக்கட்டையும் மறதியையும் ஒரு கடைக்காரியோடு ஃபோனில் அலசியிருக்கிறான். ‘வா’ என்ற ஒரு வார்த்தையைத்தான் அவள் முகத்துக்கு நேரே சொல்லத் தெரியவில்லை.

“மறந்துடுவேன்னு ரொம்பச் சொன்னானா?”

“அதைத்தான் பெருசாச் சொன்னான். மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜுல வச்சிட்டு வீடெல்லாம் தேடின கதையையும் சொன்னான்.” மார்லிஸ் நீலக் குழாயை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். “தண்ணி படலல்ல? படாத வரைக்கும் மாத்திக்கலாம். நனைஞ்சிட்டா எடுக்க மாட்டோம்.”

லோர்னா அதை அவள் கையிலிருந்து வாங்கி, பெட்டியோடு கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“மாத்திரையை நீயே வச்சுக்க,” என்றாள்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போதே மூச்சுச் சத்தம் மாறியிருந்தது. இழுத்து விட்டால் அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று. டுவைட் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான். வெர்ன் இனிமேல் பேசமாட்டான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, வழக்கம்போல அவனோடு சண்டைக்குப் போனாள்.

“கிழவா, நானா மறக்கறவ? கண்ணாடி ஒரு தடவை ஃப்ரிட்ஜுக்குள்ள போச்சு, ஊரெல்லாம் சொல்லிட்டியா? ரெண்டாவது தடவை கேட்க உனக்கு மாத்திரை டப்பாதான் கிடைச்சுதா? வாயால கேட்டா என்ன, நான் கடிச்சுத் துப்பிடுவேனா? வர்றேன்டா. கேட்டுச்சா? தரையிலயே படுக்கறேன். கரடி வந்தா டுவைட்டைப் பிடிச்சுக் குடுத்துடறேன்.”

பின்னால் டுவைட் மூக்கை உறிஞ்சினான்.

வெர்னின் கட்டைவிரல் அசைந்தது. அவள் மணிக்கட்டில், எப்போதும் வலிக்கிற அந்த எலும்பின்மேல் ஒரு தடவை போய் வந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கூரை ஒழுகலைப் பற்றி, தேவாலயத்துக்காரர்கள் கொண்டுவந்து குவித்த உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை யார் தின்பது என்பதைப் பற்றி, புதிதாக வாங்கவேண்டிய பூட்ஸ் பற்றி. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை என்று புரிந்தபின்னும் பூட்ஸ் பற்றிய பேச்சை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

சவ அடக்கக்காரர்கள் வந்து எடுத்துப் போனபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. அறையில் கட்டில் விரிப்பை மடித்து வைத்துவிட்டு, லோர்னா சமையலறைக்கு வந்தாள். பெட்டியில் வடிகட்டியோடு வந்திருந்த தண்ணீர்ப் பையைக் குழாயடியில் நிரப்பினாள். நீலக் குழாயை அதன் வாயில் திருகிப் பொருத்தி, தம்ளருக்கு மேலே பிடித்து அழுத்தினாள். மணிக்கட்டு வலித்தது. முதலில் சொட்டாகவும் பிறகு நூலாகவும் தண்ணீர் இறங்கியது.

வாசலில் தொப்பியோடு நின்ற டுவைட் அதைப் பார்த்தான். “நனைச்சிட்டியே. இனி கடையில எடுக்க மாட்டாங்க.”

“தெரியும்,” என்றாள். தம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கிக் குடித்தான்.

அவனை வழியனுப்ப வண்டிவரை வந்தாள். குளிர் இறங்கிவிட்டது. வண்டிக் கண்ணாடியில் அதற்குள் பனி பூத்திருந்தது. மேலே கெட்டில் ஓடைப் பக்கம் யாரோ கூடாரத்தில் மூட்டிய தீ ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

“உன் கண்ணாடி எங்க?” என்றான் டுவைட்.

“உள்ள எங்கயோ வச்சேன்.”

“நான் வேணா தேடித் தரட்டுமா?”

“காலையில பார்த்துக்கலாம், நீ கிளம்பு.”

வண்டி திரும்பிச் சாலைக்குப் போகும்வரை நின்றாள். ஸ்வெட்டரின் நெஞ்சுப் பக்கம் உள்ளிருந்து ஈரம் ஊறி, கையகலத்துக்குப் பரவியிருந்தது. உள்ளே இருந்த நீலக் குழாயை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிவைத்து, கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.