காவாந்தண்டலத்தில் சனி கிரகணம்

6.1.2024, சனிக்கிழமை. பால் சொசைட்டிப் பலகையில் ‘சனி கிரகம் பார்க்க வாருங்கள்’ என்பதற்குப் பதில் ‘சனி கிரகணம் பார்க்க வாருங்கள்’ என்று எழுதிவிட்டேன். மூன்று முறை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை.

தப்பை முதலில் டைரியில் எழுதிவிடுவது சுகிர்தாவின் பழக்கம். எழுதி மூடிவிட்டு மைதானத்தைப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. அவள் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகள் செய்த தொலைநோக்கி மட்டும் தனியாக நின்றது. அதன் ஆடியை மகளிர் குழு வாங்கிக் கொடுத்தது. குழாய், போர்வெல் போட்ட இடத்தில் மிஞ்சியதை அவள் அப்பா சாம்சன் கேட்டு வாங்கி வந்தது. கொடுத்தவர்களே பார்க்காவிட்டால் அடுத்த முறை வகுப்புக்கு யார் கை கொடுப்பார்கள்?

தெருவிளக்கை அணைக்க வந்திருந்த பம்ப் ஆபரேட்டர் கன்னியப்பன் சிரித்தார். “இன்னா பாப்பா, கிரகணம்னு போட்டுட்டு ஆளத் தேடறியா? அல்லாம் கதவச் சாத்திக்கினு கீதுங்க. அதுவும் சனிக்கு!”

சுகிர்தா வீடு வீடாக ஓடினாள். முதல் வீட்டு வாசலில், கிரகணத்துக்கு நிறுத்துவதுபோல், தாம்பாளத் தண்ணீரில் உலக்கை நிமிர்ந்து நின்றது. நிறைமாத மருமகள் கனகாவை உள்ளே வைத்துவிட்டுச் சிட்டம்மாள் காவல் இருந்தாள்.

“கிரகணம் இல்லம்மா, கிரகம். நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

“எழுதனது தப்புன்னா, இப்ப சொல்றது மட்டும் ரைட்டா?”

 சுகிர்தாவும் தன்னிடம் தினம் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது.

உள்ளிருந்து கனகாவின் குரல் வந்தது. “தப்புப் பண்ணிட்டேன்னு வூடு தேடி வந்து யாரு சொல்றாங்க, அத்த? மத்தியானத்துலேந்து பட்டினி போட்டுட்ட. நான் போய்ப் பாக்கறேன்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கனகா தெருவில் நடந்தாள். பின்னாலேயே சிட்டம்மாள் திட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

விளக்குகள் அணைந்தன. கனகா குனிந்து கண்ணை வைத்தாள். 

“யம்மாடி! வளையம் போட்டுக்கினு நிக்கிதே. படம் ஏதும் ஒட்டி வெச்சிக்கீறியா?”

சிட்டம்மாள் அவளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள். “ஓடுதுடீ! ஓரமாப் பூடுச்சு. யாரு அத்தத் தள்றது?”

“யாரும் தள்ளலம்மா. பூமியோட சேந்து நாமதான் சுத்திக்கினு கீறோம்.”

சிட்டம்மாள் சட்டென்று கன்னியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் காலடி மண்ணைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பெரிய சுழற்சியில் ஊர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“அந்த வளையம் ஏன் கீழ வுழாம கீது?” என்றாள் கனகா.

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று சுகிர்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. “தெரியலக்கா.”

“தெரிஞ்சிக்கினு வந்து சொல்லு. நாங்க அல்லாம் கேக்கறோம்.”

வீட்டுக்கு வந்து சுகிர்தா டைரியில் எழுதினாள்: நாளை, வளையம் ஏன் விழுவதில்லை என்று படித்துப் புரிந்துகொண்டு, கனகா அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.