பதினாலு கிலோ பலகை

மார்ச் 14, வியாழன்

திங்கட்கிழமைக் குறிப்பில் ஒரு தவறு. "வேலை பழகிவிட்டது, இப்போதெல்லாம் கை வலிப்பதில்லை" என்று எழுதியிருக்கிறேன். இன்று வலிக்கிறது. மாலை வகுப்பில் பேனா பிடிக்கவே சிரமமாக இருந்தது.

சரக்குக் கொட்டகையில் என் வேலை எடை போடுவது. தராசு மேடையில் பெட்டி வழுக்காமல் இருக்க, சாக்குத் துணி இழுத்து ஆணியடித்த பலகை ஒன்றைப் போட்டிருப்போம். பலகை பதினாலு கிலோ. தராசின் திருகு கெட்டுப்போனதால் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடியாது; ஒவ்வொரு எடையிலும் பதினாலைக் கழித்துத்தான் சீட்டில் எழுத வேண்டும். வெறும் பலகைக்கு முள் எங்கே நிற்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைப்பதும் நான்தான். போன வாரம் தொடங்கி நேற்று வரை அது லேசாக இருந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று எங்கள் ஒற்றை எஞ்சின் சரக்கு விமானம் பதினொரு பெட்டிகளுடன் கிளம்பி, மழை பிடித்துக்கொண்டதால் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது. இறங்கவில்லை, விழுந்தது என்றே சொல்லலாம். முன் சக்கரம் மடங்கி, விசிறி தரையில் உரசி வளைந்துவிட்டது. பைலட் அண்ணனுக்கு முதுகெலும்பில் அடி. அவசரப்பட்டு இறக்கிவிட்டார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நாளை பத்து மணிக்கு விசாரணை. பழியை அவர் மீதே போட்டு முடித்துவிட்டால் இனி அவர் பறக்க முடியாது.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டால் "கணக்குப் புலி வந்தாச்சு" என்று கேலி செய்பவர், இன்று கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வண்டி கைக்கு அடங்கலம்மா. நீ எழுதின எடைய விட கனமா இருந்த மாதிரி இருந்துச்சு."

சீட்டை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று வரை தூக்கிய அந்த லேசுக்கு, பலகை ஆறு கிலோவாக இருந்திருந்தால், பெட்டிக்கு எட்டு கிலோ குறைத்து எழுதியிருப்பேன். பதினொரு பெட்டிக்கு எண்பத்தெட்டு. ஒரு ஆள் சொல்லாமல் ஏறி உட்கார்ந்த மாதிரி.

கொட்டகை மேற்பார்வை சித்தப்பாதான். எனக்கு இந்த வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். போன வாரம் தேங்கிக் கிடந்த சரக்கெல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டது, அதற்காக முதலாளி அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். சீட்டில் எடை குறைந்தால் ஒரே நடையில் கூடுதல் பெட்டி ஏற்றலாம். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்றைய மழையில் கூரை ஒழுகியது. துணி ஊறித்தான் பலகை இன்று கனத்ததோ? அப்படியும் இருக்கலாம். ஆனால் புரட்டிப் பார்த்தபோது அடியில் பழைய ஒட்டடை அப்படியே இருந்தது. தினமும் தூக்கி வைக்கும் பலகையில் ஒட்டடை எப்படிப் பிடிக்கும்?

நான் குனிந்திருப்பதைச் சித்தப்பா பார்த்துவிட்டார். வழக்கமாகத் திட்டுபவர், இன்று டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்.

"தினமும் ஏதோ நோட்டுல எழுதுறியாமே, சித்தி சொன்னா. என்னம்மா எழுதுற?"

"வகுப்புல எழுதச் சொல்லியிருக்காங்க சித்தப்பா."

"எழுது, நல்லதுதான். நாளைக்குக் கேட்டா சீட்ட மட்டும் காட்டு. உன் சீட்டு சரியாத்தானே இருக்கு?"

இருக்கிறது என்றேன். விமானத்திலிருந்து இறக்கிய பெட்டிகள் கொட்டகை மூலையில்தான் கிடக்கின்றன. நாளை காலை எட்டு மணிக்கு லாரி வந்து ஏற்றிப் போய்விடும் என்றார். நான் கேட்கவே இல்லை.

நோட்டை இன்று தலையணை உறைக்குள் வைக்கிறேன்.

நாளை: ஆறு மணிக்குக் காவலாளியிடம் சாவி வாங்க வேண்டும். தராசு மேடை தரைமட்டம்தான், தள்ளினால் பெட்டி ஏறிவிடும். பலகை இல்லாமல், பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடை போட வேண்டும். அதற்கு முன், வெறும் மேடையில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.